எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி: யாருக்கு எது எத்தனை வருஷம் தாங்கும்?

ஷோரூமில் போய் "பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டால் எட்டு வருஷம் என்பார்கள். டீக்கடையில் கேட்டால் மூணே வருஷத்தில் போயிடும், மாற்ற ஒரு லட்சம் ஆகும், பேசாமல் பெட்ரோல் வண்டியே வாங்கு என்பார்கள். இந்த இரண்டு பதிலையும் வைத்துக்கொண்டு யாராலும் ஒரு முடிவுக்கு வர முடியாது, ஏனென்றால் நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்று இருவருமே கேட்கவில்லை. பேட்டரியின் ஆயுள் அந்தத் தூரத்தைப் பொறுத்துத்தான் மாறுகிறது. எந்த வண்டியை எடுப்பது, பெரிய பேட்டரி பேக்கா சின்ன பேக்கா, சொந்தமாக வாங்குவதா மாதக் கட்டணமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற விஷயம்.

முதலில் "பேட்டரி போச்சு" என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். லித்தியம் பேட்டரி பல்பு மாதிரி ஒரு நாள் பட்டென்று அணைவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறையும். புதிதில் 100 கிலோமீட்டர் ஓடிய வண்டி 90, 80, 70 என்று இறங்கும். கம்பெனிகள் பொதுவாக 70 அல்லது 80 சதவீதத்தை ஆயுளின் முடிவு என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றன. வாரண்டி பேசுவதற்கு அந்தக் கோடு வேண்டும், மற்றபடி தினமும் 15 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 100 ஓடின வண்டி 70 ஓடினால் என்ன குறைந்துவிட்டது? தினமும் 80 ஓட்டுகிறவருக்கோ 80 சதவீதத்திலேயே கதை முடிந்தது. ஆக, ஒரே பேட்டரி ஒருவருக்குப் பத்து வருஷம் வரும், இன்னொருவருக்கு மூணு வருஷத்தில் "போயிடும்".

தேய்மானம் இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று ஓட ஓட வருவது. முழுசாக ஒரு தடவை தீர்த்து ஏற்றினால் ஒரு சைக்கிள் என்று கணக்கு, 40-லிருந்து 90 வரை ஏற்றினால் அது அரை சைக்கிள்தான். "தினமும் சார்ஜ் போட்டால் பேட்டரி சீக்கிரம் போகும்" என்று பயப்படத் தேவையில்லை, உண்மையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான் பேட்டரி பேக்குக்குள் அடுக்கியிருக்கிற செல்களுக்கு நல்லது. இன்னொன்று சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் வருவது. செல்லுக்குள்ளே மின்முனையின் மேல் ஒரு படலம் மெதுவாகத் தடித்துக்கொண்டே போகிறது, அது கொஞ்சம் லித்தியத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும், வண்டியைத் தொடாவிட்டாலும் இது நிற்காது. வெயில் ஏற ஏற இந்த வேலை வேகமாகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் தோராயமான விதி. வேலூரிலோ கரூரிலோ மே மாதம் வெட்டவெளியில் நாள் முழுக்க நிற்கிற வண்டிக்கும், பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிற்கிற வண்டிக்கும் ஓடின கிலோமீட்டர் ஒன்றாகவே இருந்தாலும் பேட்டரியின் வயசு ஒன்றாக இருக்காது. அதிலும் 100 சதவீதம் ஏற்றி வெயிலில் நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசம்.

சரி, இனி எதை எடுப்பது என்று வருவோம்.

லெட்-ஆசிட் பேட்டரி போட்ட மலிவு வண்டிகள் இன்னும் சில கடைகளில் இருக்கின்றன, லைசென்ஸ் வேண்டாம், ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்கிற மெதுவான ரகம். முன்னூறிலிருந்து ஐந்நூறு சைக்கிள், அதாவது பெரும்பாலும் ஒன்றரை இரண்டு வருஷம். 2019-இல் எலக்ட்ரிக் வண்டிகளுக்கு மத்திய அரசின் ஃபேம்-2 மானியம் வந்தபோதே லெட்-ஆசிட்டை ஒதுக்கிவிட்டார்கள். விலையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

உண்மையான போட்டி என்.எம்.சி.க்கும் எல்.எஃப்.பி.க்கும் நடுவில். இரண்டுமே லித்தியம்தான். முதலாவதில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட். இரண்டாவதில் இரும்பும் பாஸ்பேட்டும். ஏத்தர் 450, ரிஸ்டா, ஓலா எஸ்1 என்று ரோட்டில் அதிகம் கண்ணில் படுகிற வண்டிகள் என்.எம்.சி. ராணிப்பேட்டையில் தயாராகும் ஆம்பியர் நெக்ஸஸும், அதே கம்பெனியின் மேக்னஸ் நியோவும் எல்.எஃப்.பி.

சைக்கிள் கணக்கில் எல்.எஃப்.பி. தெளிவாக முன்னால் நிற்கிறது. என்.எம்.சி. செல் சாதாரணமாக 800 முதல் 1,500 சைக்கிள் தாங்கும் என்றால் எல்.எஃப்.பி. 2,000-ஐத் தாண்டும், நல்ல செல் என்றால் 3,000 கூட. சூட்டில் கட்டுப்பாடு இழந்து தீப்பிடிக்கிற வெப்பநிலையும் இதற்கு அதிகம், அதனால் வீட்டுக்குள்ளே வைத்து சார்ஜ் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. அப்படியென்றால் எல்லோரும் ஏன் எல்.எஃப்.பி. போடவில்லை? கனம்தான் காரணம். அதே அளவு மின்சாரத்தைச் சேமிக்க எல்.எஃப்.பி.க்கு அதிக எடையும் அதிக இடமும் வேண்டும். காரில் இது பெரிய விஷயமில்லை, ஸ்கூட்டரில் சீட்டுக்கு அடியிலும் காலுக்குக் கீழேயும் இருக்கிற இத்தனூண்டு இடத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அதனால் எல்.எஃப்.பி. ஸ்கூட்டர் என்றால் பெரும்பாலும் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடுகிற தூரம், கொஞ்சம் கம்மியாக இருக்கும், அல்லது பிக்கப் கொஞ்சம் சாதுவாக இருக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு, வாங்கின பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது. எல்.எஃப்.பி.யின் வோல்டேஜ் பாதிக்கு மேல் இருந்தாலும் பாதிக்குக் கீழே இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிற்கும். வோல்டேஜை வைத்து எவ்வளவு மிச்சம் என்று கணிக்க முடியாமல் வண்டியின் கம்ப்யூட்டர் திணறும், டிஸ்ப்ளேயில் 35 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 18-க்குக் குதிக்கும். வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றினால்தான் கணக்கு நேராகும், செல்களும் ஒன்றுக்கொன்று சமமாகும். என்.எம்.சி.க்கு இதற்கு நேர் எதிரான வழக்கம்: தினப்படிக்கு 80, 85 போதும், நாளைக்கு வெளியூர் போகிறோம் என்றால் மட்டும் இரவில் முழுசாகப் போடுங்கள். இரண்டு வண்டிக்கும் ஒரே அறிவுரை சொல்கிற ஆளை நம்பாதீர்கள்.

இதை மட்டும் பார்த்தால் ஆயுளுக்கு எல்.எஃப்.பி.தான் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் 3,000 சைக்கிள் என்பது யாருக்குத் தேவை? 80 கிலோமீட்டர் ஓடுகிற பேக்குக்கு அது 2,40,000 கிலோமீட்டர். சொந்த வேலைக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் யாரும் அதைத் தொடப்போவதில்லை, அதற்கு முன்னால் வண்டியின் பாடியே ஆட்டம் கண்டுவிடும். வருஷக்கணக்கில் வரும் தேய்மானம் எல்.எஃப்.பி.யையும் விடுவதில்லை. அதனால் என் கணக்கில் எல்.எஃப்.பி. தேடிப்போய் வாங்க வேண்டியவர்கள் இரண்டு வகை: உணவு டெலிவரி, கூரியர் என்று நாளைக்கு 100-க்குப் பக்கத்தில் ஓட்டுகிறவர்கள், அப்புறம் வண்டியை நிழலில் நிறுத்த வழியே இல்லாதவர்கள். மற்றவர்கள் என்.எம்.சி.யில் நல்ல வாரண்டி உள்ளதாகப் பார்த்து எடுத்தாலே போதும்.

பெரிய பேக்கா சின்ன பேக்கா என்பதுதான் பணத்தில் பெரிய வித்தியாசம் காட்டுகிற இடம், இங்கேதான் பலரும் மனசு சொல்வதைக் கேட்டு முடிவு எடுக்கிறார்கள். பேட்டரி அளவைக் கிலோவாட் அவர் என்று போட்டிருப்பார்கள். அது நம் ஈபி பில்லில் வரும் யூனிட்தான், வேறொன்றும் இல்லை. ஏத்தர் ரிஸ்டா 2.9 யூனிட்டிலும் 3.7 யூனிட்டிலும் கிடைக்கிறது, டிவிஎஸ் ஐக்யூப் 2.2-லிருந்து 5-க்கும் மேல் வரை போகிறது, ஓலா எஸ்1 எக்ஸ் 2, 3, 4 என்று வந்தது. நகர ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 0.03 யூனிட்டுக்கு முன்னே பின்னே செலவாகும், கை முறுக்கைப் பொறுத்து. முழுசாகத் தீர்க்காமல் கொஞ்சம் கையிருப்பு விட்டுப் பார்த்தால், 3.7 யூனிட் என்றால் நிஜத்தில் 100-லிருந்து 110 கிலோமீட்டர், 2.2 யூனிட் என்றால் 60-லிருந்து 70. விளம்பரத்தில் போட்டிருக்கிற எண்ணை மறந்துவிடுங்கள்.

இப்போது மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். மாற்றுப் பேக் விலை என்று 3.7 யூனிட் பெரிய பேக்குக்கு 70,000, 2.2 யூனிட் சின்னதற்கு 45,000 வைத்துக்கொண்டு, அதை ஓடுகிற மொத்தக் கிலோமீட்டரால் வகுக்கிறேன். இது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தொகை, நீங்கள் உங்கள் ஷோரூமில் எழுத்தில் விலை கேட்டு வாங்கி அதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக்கு 60 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள் ஓட்டுகிறவர் வருஷத்துக்கு 18,000 ஓட்டுகிறார். பெரிய பேக்கில் இது வருஷத்துக்கு 180 சைக்கிளுக்குள் முடிகிறது, ஐந்து வருஷத்தில் 90,000 கிலோமீட்டர், பேட்டரிச் செலவு கிலோமீட்டருக்கு 78 பைசா. இவரே சின்ன பேக் எடுத்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 300 சைக்கிள், மூணு வருஷத்தைத் தாண்டும்போது ஆயிரம் சைக்கிளை நெருங்கியிருப்பார். அதைவிட முக்கியம், கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும்போது வண்டி 50 சொச்சம்தான் ஓடும், தினசரி 60 போக முடியாது. சின்ன பேக்குக்கு வேறொரு சுமையும் இருக்கிறது. ஒரே 4 கிலோவாட்டை மோட்டார் இழுக்கும்போது 2.2 யூனிட் பேக்கின் ஒவ்வொரு செல்லும் 3.7 யூனிட் பேக்கின் செல்லைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உழைக்கிறது, சூடும் அதிகம். இவருக்குப் பெரிய பேக்தான், யோசனையே வேண்டாம்.

நாளைக்கு 25 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் எட்டு வருஷத்தில் 60,000 தொடுவார். பெரிய பேக் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 17 பைசா, சின்னது என்றால் 75 பைசா. சின்ன பேக் 70 சதவீதத்துக்கு இறங்கினாலும் 42-லிருந்து 49 வரை ஓடும், இவருக்கு அது தாராளம். ஆனால் மாதம் இரண்டு தடவை செங்கல்பட்டுப் பக்கம் போய் வருகிற பழக்கம் இருக்கிறவர் என்றால் நடுத்தர அளவான 3 யூனிட் பக்கம் போகலாம்.

நாளைக்கு 10 கிலோமீட்டர், அதாவது பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு காய்கறி வாங்கி வருகிறவர், எட்டு வருஷத்தில் 24,000-தான் ஓட்டுவார். இவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய பேக் வாங்கினால் பேட்டரிக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 92 பைசா ஆகிறது! பெட்ரோல் ஸ்கூட்டரில் லிட்டர் நூறு ரூபாய்ச் சொச்சம், 45 மைலேஜ் என்று வைத்தால் எரிபொருள் செலவு 2 ரூபாய் 25 பைசாதான். சின்ன பேக்கில் 1 ரூபாய் 88 பைசா. நிஜத்தில் இவர் எட்டு வருஷத்தோடு பேட்டரியைத் தூக்கிப் போடப்போவதில்லை, பாதிக் கொள்ளளவிலும் ஓட்டிக்கொண்டிருப்பார், அதனால் செலவு இதைவிடக் குறையும். ஆனாலும் குறைவாக ஓட்டுகிறவருக்கு எலக்ட்ரிக் வண்டி லாபம் என்பது அவ்வளவு உறுதியான விஷயமில்லை, சின்ன பேக் எடுத்தால் மட்டுமே கணக்கு ஓரளவு நிற்கும்.

கரண்ட் செலவை நான் இதுவரை சேர்க்கவே இல்லை, கவனித்தீர்களா? சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து கிலோமீட்டருக்கு 0.035 யூனிட், ஸ்லாபைப் பொறுத்து யூனிட் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் நடுவில் என்றால் 18-லிருந்து 35 பைசா. "பத்துப் பைசாவுக்கு ஓடுது" என்று பெருமை பேசுகிறவர்கள் எல்லோரும் இதை மட்டும்தான் பார்க்கிறார்கள். பேட்டரித் தேய்மானம் இதைப்போலக் குறைந்தது இரண்டு மடங்கு.

அந்தத் தேய்மானத்தை யார் தலையில் ஏற்றுவது என்பதுதான் அடுத்த தேர்வு. 2025 ஜூலையில் ஹீரோவின் விடா விஎக்ஸ்2 வந்தபோது பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 96 பைசா என்று கட்டுகிற திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள்: 60 கிலோமீட்டர்காரருக்கு சொந்தப் பேட்டரியின் செலவு 78 பைசா, அவருக்கு இந்தத் திட்டம் நஷ்டம். 25 கிலோமீட்டர்காரருக்குப் பெரிய பேக்கோடு ஒப்பிட்டால் லாபம், சின்னதோடு ஒப்பிட்டால் கொஞ்சம் நஷ்டம், ஆனால் முதலில் கையிலிருந்து போகிற பணம் குறைகிறது, பேட்டரி கெட்டுப்போனால் என்ற பயமும் கம்பெனி பக்கம் போய்விடுகிறது. குறைவாக ஓட்டுகிறவருக்குத்தான் இது பெரிய லாபம் மாதிரி தெரியும், அங்கேதான் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். மாதம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்சம் இருக்கிறதா, திட்டம் எத்தனை வருஷத்துக்கு, முடிந்த பிறகு பேட்டரி யாருடையது, நடுவில் வண்டியை விற்றால் வாங்குகிறவர் பெயருக்கு மாற்ற முடியுமா? இந்த நான்குக்கும் பதில் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேட்டரியை நிலையத்தில் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொண்டு போகிற முறை தைவானில் கோகோரோ 2015-லிருந்து பெரிய அளவில் செய்து காட்டிய ஒன்று. இந்தியாவில் ஹோண்டா ஆக்டிவா இ அந்த வழியில் வந்தது, 1.5 யூனிட் பேக் இரண்டு, வீட்டில் சார்ஜ் போட வழி இல்லை. ஆரம்பத்தில் பெங்களூரு, டெல்லி, மும்பை என்று மூன்றே ஊருக்கு. பேட்டரி தேய்வதைப் பற்றி நீங்கள் நினைக்கவே வேண்டாம் என்பது நிஜம்தான், அதற்குப் பதில் நிலையம் எங்கே இருக்கிறது, அது நாளைக்கும் திறந்திருக்குமா என்று நினைக்க வேண்டும். போகிற வழியில் நிலையம் உள்ள டெலிவரிப் பையன்களுக்குச் சரி. வீட்டில் பிளக் பாயின்ட் இருக்கிறவருக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

சொந்தமாக வாங்குவதென்றால் வாரண்டிதான் பேச வேண்டியது. ஏத்தரில் சாதாரணமாக மூணு வருஷம் அல்லது 30,000 கிலோமீட்டர். தனியாகப் பணம் கட்டினால் எட்டு வருஷம் அல்லது 80,000 கிலோமீட்டர் வரை, 70 சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதத்துடன். ஓலாவும் 2024-இல் எட்டு வருஷம், 80,000 என்று அறிவித்தது. மேக்னஸ் நியோவுக்கு ஐந்து வருஷம், 75,000. நீட்டிப்பு வாரண்டி சில ஆயிரங்களில் கிடைக்கிறதென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், பொதுவாக இப்படிப்பட்ட நீட்டிப்புகளை டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் எடுக்காத ஆள் நான். காரணம், பேட்டரி மெதுவாகத் தேய்வதைவிட திடீரென்று படுப்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம்: பேட்டரியை நிர்வகிக்கும் சர்க்யூட் போர்டு கெடுவது, ஒரு வரிசை செல் மட்டும் பலவீனமாகி மொத்தப் பேக்கையும் இழுத்து உட்கார வைப்பது. இவை நாலாவது ஐந்தாவது வருஷத்தில் வந்தால் மூணு வருஷ வாரண்டி கைகொடுக்காது. எட்டு வருஷ வாரண்டி இருந்தாலும், தேய்மானத்துக்கு என்றால் கொள்ளளவு 70-க்குக் கீழே இறங்கினால்தான் மாற்றுவார்கள் என்பதையும், 71-இல் நின்றால் ஒன்றும் கேட்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டே எடுங்கள்.

வெள்ளம் வாரண்டியில் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தண்ணீர் நின்ற தெருக்களை நினைத்துப் பாருங்கள். ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று அர்த்தம், இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பதற்கு அது பொருந்தாது. அதற்குக் கைகொடுப்பது சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த இன்சூரன்ஸ்தான், அதிலும் தேய்மானம் கழிக்காத வகை. மூணாம் நபர் பாலிசி மட்டும் வைத்துக்கொண்டு வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ எலக்ட்ரிக் வண்டி ஓட்டுவது துணிச்சல்தான்.

ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிற வண்டியின் பேட்டரி இறங்கிவிட்டது, மாற்றுவதா புது வண்டியா என்று நிற்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. புது எலக்ட்ரிக் வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தனியாக வாங்குகிற லித்தியம் பேட்டரிக்கு 18 சதவீதம். உலக அளவில் பேக் விலை படபடவென்று இறங்கினாலும் அந்தச் சரிவு ஷோரூமின் ஸ்பேர் விலைப் பட்டியலுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்வதில்லை. மாற்றுப் பேக்கின் விலை புது வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் நான் மாற்ற மாட்டேன், பழசைக் குறைந்த தூரம் ஓட்டுகிற யாருக்காவது விற்றுவிடுவேன். வெளியில் உள்ளூரில் அசெம்பிள் செய்த பேக் மலிவாகக் கிடைக்கும். உள்ளே என்ன கிரேடு செல், பழைய பேக்கிலிருந்து பிரித்ததா என்று பிரித்துப் பார்த்தாலும் தெரியாது, இன்சூரன்ஸ் கிளெய்மில் தகராறு வரும். செல்லைப் பிரித்துப் பழுது பார்க்கிறோம் என்பவர்களிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டு கோளாறா, செல் கோளாறா என்று பார்க்கச் சொல்லுங்கள், போர்டு மட்டும் என்றால் சில இடங்களில் அதைத் தனியாக மாற்றிக் கொடுக்கிறார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஓடோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 6,000 கிலோமீட்டரே ஓடிய நாலு வருஷ வண்டியைவிட 20,000 ஓடிய ஒன்றரை வருஷ வண்டியின் பேட்டரி நன்றாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. முந்தையவர் வெளிநாடு போய் ஆறு மாதம் பூட்டி வைத்திருந்தாரா என்று கேளுங்கள். காலியாகப் பூட்டி வைத்தால் வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் சொட்டுச் சொட்டாக இழுத்து செல்லை அடிமட்டத்துக்கும் கீழே கொண்டுபோய்விடும், நிறுத்தி வைக்கிறதென்றால் 50, 60 சதவீதத்தில் வைக்க வேண்டும். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 2022 கோடையில் வரிசையாக வண்டிகள் தீப்பிடித்த பிறகு பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதிகளை இறுக்கி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமல்படுத்தினார்கள், நான் என்றால் அதற்குப் பிறகு தயாரான வண்டியைத்தான் பார்ப்பேன். விலை பேசுவதற்கு முன் முழு சார்ஜில் வாங்கி 20 சதவீதம் வரும்வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள், ஓடிய தூரத்தை 1.25-ஆல் பெருக்கினால் இன்றைய ரேஞ்ச் வந்துவிடும். அரை நாள் ஆகும். விற்கிறவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.